இடைசெவலின் இரு எழுத்தாளர்கள்: ஊர் ஒன்றாக இருந்தும் கதை வேறானது எப்படி?

மானாவாரி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கரிசல் எழுத்து, கொங்கு எழுத்து, நாஞ்சில் எழுத்து, தஞ்சை எழுத்து என்று நிலத்தை வைத்தே நம் நாவல்களை வகைப்படுத்திப் பேசுவது நெடுநாள் வழக்கம். எழுத்தாளர் பிறந்த மண்ணும் வளர்ந்த வீடும் அவருடைய புனைவைத் தீர்மானிக்கின்றன என்ற நம்பிக்கை அதற்கு அடிப்படையாக இருக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைச் சோதித்துப் பார்க்க இடைசெவலைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கும் அந்தச் சிற்றூரில்தான் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்தார்கள். ஏறத்தாழ ஒரே வயதினர். சிறுவயது முதல் நண்பர்கள். இருவர் வீட்டிலும் தெலுங்கு புழங்கியது. இருவருக்கும் இசைப் பித்து உண்டு. இருவரும் கம்பனை ரசித்துப் பரப்பிய இலக்கிய ரசிகரான ரசிகமணி டி.கே.சி.யிடம் பெருமதிப்புக் கொண்டவர்கள். பின்னாளில் இருவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றார்கள். அழகிரிசாமிக்கு அவர் மறைந்த 1970ஆம் ஆண்டில் ‘அன்பளிப்பு’ தொகுப்புக்காகவும், கி.ரா.வுக்கு 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காகவும் அது கிடைத்தது.

இவ்வளவு பொதுவாக இருந்தும் இருவருடைய எழுத்தும் ஒன்றுபோல் இல்லை. கி.ரா.வின் பக்கங்களில் கரிசல் மண்ணின் வெக்கையும் பேச்சும் பயிரும் பண்டமும் நிறைந்திருக்கின்றன. அழகிரிசாமியின் நல்ல கதைகள் பலவற்றை வேறொரு மாவட்டத்துக்கு இடம் மாற்றி வைத்தாலும் அவற்றின் உயிர் போகாது. அப்படியானால் ஊர் என்பது எழுத்தாளருக்கு உண்மையில் எதைத் தருகிறது? வளர்ப்பின் எந்தப் பகுதி புனைவுக்குள் போகிறது, எது போகாமல் நின்றுவிடுகிறது? இருவரையும் ஆழ்ந்து வாசித்தவர்கள் தங்கள் கருத்தை எழுதினால் மகிழ்வேன். ‘மண் வாசனை’ என்ற சொல்லோடு நிறுத்திவிடாமல் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஊருணிக்கரை:

நல்ல கேள்வி. என் பதில் சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரைவிட, ஊரோடு ஒருவருக்கு இருந்த உழைப்பின் உறவும், ஊரை விட்டு அவர் எந்த வயதில் எந்த வழியாக வெளியேறினார் என்பதுமே புனைவை அதிகம் வடிவமைக்கின்றன என்பது என் எண்ணம். கி.ரா. பள்ளிப் படிப்பை நடுவில் விட்டவர். தாம் மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அப்போதும் மழையையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும் அவர் சொல்லிக்கொண்டது பலருக்கும் தெரியும். அதை ஒரு சுவையான பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மானாவாரி விவசாயத்தில் மழையைப் பார்ப்பதுதான் கல்வி. கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைத்திருக்கும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். எந்த மழைக்குப் பின் எந்த விதையைப் போடுவது என்பதில் ஒரு வாரம் தவறினால் ஓராண்டு போய்விடும். அந்தக் கணக்கோடு வளர்ந்தவர் கி.ரா. அவர் நிலம் உழுத விவசாயி. விவசாயிகள் போராட்டங்களில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். சிறுகதை எழுத வந்தபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தார். எனவே அவருடைய முதல் பொருளாக அமைந்தது இளமைக் காதலோ தனிமையோ அல்ல. கிணறு வெட்டக் கடன் வாங்கி அதிலேயே மூழ்கிப்போகும் ஒரு விவசாயியின் கதை ‘மாயமான்’.

‘கதவு’ சிறுகதையைப் பாருங்கள். தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கதவு குழந்தைகளுக்கு அதுவரை ஏறி ஆடும் வண்டியாக இருந்தது. கதவு போன பிறகு வாடைக் காற்று வீட்டுக்குள் வருகிறது; கைக்குழந்தை இறக்கிறது. கரிசல் என்றால் வெயில் மட்டுமே என்று நினைக்கும் வெளியூர் வாசகருக்கு அந்த வாடை புதியது. அது எப்படிப்பட்ட காற்று, எந்த மாதத்தில் வரும், கதவில்லாத வீட்டில் அது என்ன செய்யும் என்பதையெல்லாம் அங்கே இரவு படுத்து எழுந்தவரால்தான் கதையின் திருப்பமாக ஆக்க முடியும். இங்கே நிலம் கதைக்குப் பின்னால் தொங்கும் திரை அல்ல, நடப்பதற்கெல்லாம் அதுவே காரணமாக நிற்கிறது.

இனி 1976இல் வந்த ‘கோபல்ல கிராமம்’. ஆந்திர தேசத்திலிருந்து அச்சத்தோடு புறப்பட்டு வந்த ஒரு தெலுங்குக் கூட்டம், காட்டைத் தீயிட்டு அழித்துக் கழனியாக்கி ஒரு கிராமத்தை உண்டாக்குவதுதான் அந்நாவல். அந்த இடப்பெயர்வைச் சொல்பவர் மிக முதிய பாட்டியான மங்கத்தாயாரு அம்மாள். வரலாற்று நூல்களில் உள்ள வரிசையில் அவர் சொல்வதில்லை. பாட்டிகள் சொல்லும் வரிசையில் சொல்கிறார். அந்தக் கூட்டத்துப் பெண்ணான சென்னாதேவியின் அழகைப் பற்றி நின்று நிதானமாகப் பேசுகிறார். தப்பி ஓடும் கூட்டம் ஆற்றைக் கடக்க மரமே வளைந்து கொடுத்தது என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறார். நாவலின் கட்டுமானமே கி.ரா. வளர்ந்த வீட்டுத் திண்ணையிலிருந்து வந்தது என்று நான் துணிந்து சொல்வேன். கிளைக்கதை, அதற்குள் ஒரு கிளைக்கதை, நடுவில் ஒரு பண்டத்தைப் பற்றிய விளக்கம், பிறகு மீண்டும் மூலக்கதை என்ற நடை, மேலைநாட்டு நாவலைப் படித்துக் கற்றது அல்ல. இறுதியில் கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியின் அதிகாரம் அந்தக் கிராமம் வரை வந்து சேர்கிறது.

அழகிரிசாமியின் வழி வேறு. அவர் கோவில்பட்டிக்குப் போய்ப் பள்ளிப் படிப்பை முடித்தார். சிறிது காலம் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தார். பிறகு சென்னைக்குப் போய்ப் பத்திரிகை உலகில் நுழைந்தார். 1950களில் மலாயாவுக்குச் சென்று ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றினார். திரும்பி வந்து மீண்டும் சென்னையிலேயே வாழ்ந்தார். உழவு அவருக்குத் தொழில் அல்ல. கம்பனையும் காவடிச் சிந்தையும் பதிப்பித்த அளவுக்கு ஏட்டுத் தமிழில் தோய்ந்தவர் அவர். ஊர் அவருக்குள் இல்லாமல் போகவில்லை. ‘குமாரபுரம் ஸ்டேஷன்’ என்ற கதை இடைசெவலுக்கு அருகிலுள்ள அந்தச் சிறு ரயில் நிலையத்தைப் பற்றியதுதான். பொட்டல் நடுவே ஒரு நிலையம், கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சேரப் போகும் கிராமத்துச் சிறுவர்கள், ரயிலில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் பயணிகள். எந்தப் பெரிய நிகழ்ச்சியும் இல்லாமல் மனிதரின் நல்ல குணம் அங்கே தெரிந்துகொண்டே போகிறது.

கி.ரா. அந்த ஊருக்குள் வந்து குடியேறியவர்களின் கதையைப் பெருநாவலாக எழுதினார். அழகிரிசாமி, அந்த ஊரிலிருந்து வெளியே போகும் சிறுவர்கள் ஏறுகிற ரயிலைப் பற்றி எழுதினார். இருவரும் தத்தம் வாழ்க்கை எந்தத் திசையில் நகர்ந்ததோ அந்தத் திசையிலிருந்தே ஊரைப் பார்த்தார்கள்.

நெசவுத்தெரு வாசகி:

ஊருணிக்கரை ஐயாவின் விளக்கத்தை மிகவும் விரும்பி வாசித்தேன். ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். உழைப்பையும் வெளியேற்றத்தையும் சொன்னவர், அந்த ஊரில் எழுத்தாளரின் குடும்பம் எந்த இடத்தில் நின்றது என்பதைச் சொல்லவில்லை. கரிசல் என்பது எல்லோருக்கும் ஒரே கரிசல் அல்ல.

‘கோபல்ல கிராமம்’ மையம் கொள்வது கோட்டையார் வீட்டில். நிலத்தை உண்டாக்கிய, நிலத்தை உடைய, தீர்ப்புச் சொல்லும் உரிமை கொண்ட குடும்பம் அது. அந்த வீட்டின் திண்ணையிலிருந்து பார்த்தால் கிராமம் ஒரு பெரிய கூட்டுக் குடும்பமாகத் தெரியும். கி.ரா. அந்த நெருக்கத்தை எவ்வளவு அன்போடு எழுதினார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதே கோவில்பட்டி வட்டாரத்தில் பிறந்த பூமணி 1979இல் ‘பிறகு’ நாவலை எழுதியபோது, அதே மண் முற்றிலும் வேறு பக்கத்திலிருந்து தெரிந்தது. செருப்புத் தைக்கும் அழகிரி, மணலூத்து என்ற ஊருக்கு வந்து தொழில் செய்து பிழைக்கிறார். அவருக்குச் சொந்த நிலம் இல்லை. மாடு பூட்டிக் கிணற்று நீரை இறைக்கும் கமலைக்குத் தேவையான தோல் வேலையைச் செய்து கொடுப்பவர் அவர். அவர் தைத்துக் கொடுத்தால்தான் மற்றவர் கிணற்றிலிருந்து தண்ணீர் மேலே வரும். நாடு விடுதலை அடைந்த பிறகு அவருடைய வாழ்வில் எது மாறியது, எது மாறவில்லை என்பதைக் குரலை உயர்த்தாமல் பூமணி எழுதிக்கொண்டே போகிறார். அந்த அடங்கிய குரல்தான் என்னை இன்றும் உலுக்குகிறது.

மூன்று ஆண்டுகள் கழித்து 1982இல் வந்த ‘வெக்கை’யில், அண்ணனைக் கொன்றவனைப் பழிதீர்த்துவிட்டுத் தந்தையோடு தலைமறைவாகத் திரியும் சிறுவன் சிதம்பரம் இருக்கிறான். அங்கே ஓடையும் புதரும் பாறையும் மறைவிடமாகின்றன. எந்தச் செடியின் காயைத் தின்னலாம், எங்கே தண்ணீர் கசியும், எந்தத் திசையில் ஆள் வருவது முன்கூட்டியே தெரியும் என்ற அறிவு உயிரைக் காப்பாற்றும் அறிவாகிறது. நிலக்காட்சியை ரசிக்க அவனுக்கு நேரமில்லை. அதனால்தான் அந்த நாவலில் நிலம் இவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

உருளைக்குடியைச் சேர்ந்த சோ. தர்மன் இன்னொரு கோணம். அவருடைய ‘சூல்’ ஒரு கண்மாயை நடுவில் வைத்து எழுதப்பட்ட நாவல். 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கி.ரா. மழையைப் பார்த்தார் என்றால், தர்மன் அந்த மழைநீரைத் தேக்கிப் பங்கிட்டுக் காத்த மனிதர்களைப் பார்த்தார்.

ஆகவே, ‘பிறந்த வட்டாரம்’ என்று பொதுவாகச் சொல்வதை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஊரின் எந்தத் தெரு, அந்தத் தெருவுக்கு ஊர்க் கிணற்றில் என்ன உரிமை என்று கேட்ட பிறகே எழுத்தாளரின் வளர்ப்பைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.

உப்பங்காற்று:

இந்த உரையாடல் முழுவதும் ‘அங்கே பிறந்தவர்’ என்ற எல்லைக்குள்ளேயே நடக்கிறது. ராஜம் கிருஷ்ணனை இங்கே கொண்டுவர விரும்புகிறேன். அவர் முசிறியில் பிறந்தவர். இளம் வயதில் மணமானவர். மின்துறைப் பொறியாளரான கணவரின் பணியிட மாற்றங்களோடு பல ஊர்களில் வாழ்ந்தவர். நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் படுகர் சமூகத்தோடு பழகியதிலிருந்து ‘குறிஞ்சித் தேன்’ பிறந்தது. மலைச்சரிவில் தானியம் விளைந்த நிலம் தேயிலைக்கு மாறுவதையும், அந்த மாற்றம் ஒரு குடும்பத்தின் தலைமுறைகளுக்குள் என்ன செய்கிறது என்பதையும் அந்த நாவல் சொல்கிறது. பிறகு தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிக் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். அதற்காக அவர் அங்கே சென்று, மக்களோடு பேசி, வேலை நடப்பதைக் கண்டு எழுதினார். பிறப்பால் அவருக்கு அந்தக் கடற்கரையோடு எந்தத் தொடர்பும் இல்லை.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். உப்பளத்தில் வேலை செய்பவர்களின் பாதம் எப்படி இருக்கும், வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை என்ன செய்யும் என்பதையெல்லாம் பார்த்தே வளர்ந்தேன். பார்த்துப் பழகிய காரணத்தினாலேயே அவை எனக்குச் சொல்லத் தக்கனவாகத் தோன்றியதில்லை. வெளியிலிருந்து வந்த ஒருவர் அதைக் கண்டு அதிர்ந்தார். அந்த அதிர்ச்சியைக் கதையாக்கினார். சொந்த ஊர் கண்ணைத் திறக்கிறது என்பது எவ்வளவு உண்மையோ, சில நேரங்களில் அதே ஊர் கண்ணைப் பழக்கப்படுத்தி மூடிவிடுகிறது என்பதும் அவ்வளவு உண்மை.

நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராஜம் கிருஷ்ணனின் மாந்தர்கள் தங்கள் துன்பத்தைப் பேசும்போது நான் அவர்களை நம்புகிறேன். அவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்யும்போதும், தெய்வத்தைத் திட்டும்போதும் அதே நம்பிக்கை வருவதில்லை. கி.ரா.விடம் அந்தக் கேலிதான் முதலில் வந்து நிற்கிறது. ஒரு சமூகத்தின் வேலையையும் வலியையும் உழைத்துக் கற்றுக்கொள்ள முடியும் போலும். அதன் சிரிப்பைக் கற்றுக்கொள்ளச் சிறுவயது வேண்டியிருக்கிறது. இது என் வாசிப்பு அனுபவம் மட்டுமே. மறுப்பவர்கள் எடுத்துக்காட்டோடு மறுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மீட்டர்கேஜ்:

இழையைச் சற்றுத் தமிழ்நாட்டுக்கு வெளியே நகர்த்துகிறேன். அசோகமித்திரன் 1931இல் செகந்திராபாத்தில் பிறந்து, ரயில்வேயில் பணியாற்றிய தந்தையின் வீட்டில் வளர்ந்து, 1952இல் சென்னைக்கு வந்தவர். அவருடைய ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ 1977இல் வெளிவந்தது. இடையில் கால் நூற்றாண்டு. ஹைதராபாத் நிஜாம் ஆட்சியின் கடைசி மாதங்கள், அந்த ஆட்சியை ஆதரித்த ஆயுதப் படையினரான ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்தது ஆகிய அனைத்தும், லான்சர் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்து கிரிக்கெட் ஆடப் போகும் சந்திரசேகரன் என்ற தமிழ் இளைஞனின் கண்வழியாக வருகின்றன.

அசோகமித்திரனின் மொழியில் வட்டார வழக்கு அநேகமாக இல்லை. ஆனாலும் அது ஆழமான வட்டார நாவல்தான். உருதும் தெலுங்கும் தமிழும் ஆங்கிலமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊரில், சிறுபான்மையாக வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, எந்தக் கூட்டத்திலும் முழுதாகச் சேராமல் ஓரமாக நின்று கவனிக்கும் இயல்பு வந்துவிடுகிறது. அந்த ஓரம்தான் பிறகு சென்னையைப் பற்றி அவர் எழுதிய ‘தண்ணீர்’, திரைப்பட உலகைப் பற்றி எழுதிய ‘கரைந்த நிழல்கள்’ ஆகியவற்றிலும் அவருடைய பார்வையாக நிலைத்தது. ஊரின் சொற்களை அவர் எடுத்து வரவில்லை; ஊரில் தாம் நின்ற நிலையை எடுத்து வந்தார். நெசவுத்தெரு வாசகி கோட்டையார் வீட்டைப் பற்றிச் சொன்னதை இங்கேயும் பொருத்திப் பார்க்கலாம்.

நாவலின் இறுதிப் பகுதியில், கலவரத்துக்கு நடுவே சுவரேறிக் குதித்து ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்குள் போய் விழும் சந்திரசேகரன், தன் வீட்டாரைக் காப்பாற்றுவதற்காகத் தன்னையே ஒப்புக்கொடுக்க முன்வரும் ஒரு சிறுபெண்ணைப் பார்க்க நேர்கிறது. அதுவரை ஓரமாக நின்றவனை அந்தக் கணம் ஒரு பக்கத்தவனாக ஆக்கிவிடுகிறது. அவனுடைய அருவருப்பு அந்தப் பெண்ணின் மேல் வந்தது அல்ல. அவள் கண்ணுக்குத் தான் யாராகத் தெரிந்தோம் என்பதன் மேல் வந்தது. தமிழ் நாவலில் இதற்கு இணையான இடங்கள் எனக்கு அதிகம் நினைவுக்கு வரவில்லை.

சுந்தர ராமசாமியும் சிறுவயதில் சில ஆண்டுகளைக் கோட்டயத்தில் கழித்தவர். தமிழ் எழுதப் படிக்கப் பதின்ம வயதின் இறுதியில்தான் கற்றவர். அந்தக் கோட்டய வாழ்வை ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ நாவலில் 1998இல்தான் எழுதினார். ‘ஒரு புளியமரத்தின் கதை’யின் நாகர்கோவில் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. முதலில் வாழ்ந்த இடம் எழுத்தில் முதலில் வந்தே தீரும் என்று எந்த நியதியும் இல்லை.

மானாவாரி:

எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது; அனைவருக்கும் நன்றி. வாசகி அம்மா எழுப்பிய கேள்வியை அழகிரிசாமியிடமே கேட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அவர் வந்தது நிலவுடைமைக் குடும்பத்திலிருந்து அல்ல. ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் தீபாவளிக்குப் புதுத்துணி வாங்கவே திணறும் தாயம்மாள், தெருவில் திரிந்த அநாதைச் சிறுவனையும் தன் பிள்ளைகளோடு சேர்த்துக் குளிப்பாட்டி உடுத்துகிறாள். பணக்கார வீட்டுக்கு ஒரு ராஜா வந்த அதே நாளில் இந்த வீட்டுக்கும் ராஜா வருகிறான். அந்தக் கதையைப் பொதுவான மனிதநேயக் கதை என்றுதான் பலரும் சொல்கிறார்கள். இடைசெவல் போன்ற ஊரில், பெரிய வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்து, அவர்கள் சட்டையையும் தன் சட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்த சிறுவனின் கதையாகவும் அதை வாசிக்கலாம் அல்லவா? அப்படியானால் அதை வேறு மாவட்டத்துக்கு மாற்றி வைக்கலாம் என்று நான் தொடக்கத்தில் சொன்னதை மறுபடி யோசிக்க வேண்டும்.

ஊருணிக்கரை:

யோசிக்க வேண்டியதுதான். கரிசலின் பெயர் அந்தக் கதையில் பெரிதாக ஒலிக்காது. ஆனால் அந்த வறுமையின் அளவு அந்த மண்ணுக்குரியது. அழகிரிசாமியின் ‘திரிபுர’த்தையும் சேர்த்து வாசியுங்கள். பஞ்சத்தில் ஊரை விட்டு நடக்கும் தாயும் மகளும் அதில் இருக்கிறார்கள். மழை பொய்த்தால் இந்த நிலத்தில் என்ன நடக்கும் என்பதைக் கி.ரா. விவசாயியின் பக்கத்திலிருந்து எழுதினார். அழகிரிசாமி, விற்பதற்கு உடலைத் தவிர வேறெதுவும் மிஞ்சாத இருவரின் பக்கத்திலிருந்து எழுதினார். அந்தக் கதையின் முடிவில் தாய் சிரிக்கும் சிரிப்பைப் பற்றித் தனியே ஓர் இழை தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

வாசகி அம்மாவின் கருத்தை ஏற்கிறேன். ஒரு சிறு சேர்க்கை மட்டும். கி.ரா. 1980களின் இறுதியில் புதுவைக்குப் போய், 2021இல் மறையும் வரை பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்தார். நெய்தல் நிலத்தில் அத்தனை ஆண்டுகள் இருந்தும் அவர் எழுதியது பெரும்பாலும் கரிசலைத்தான். அழகிரிசாமி மலாயாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் அவருக்கு எழுதிய கடிதங்கள் நூலாகவே கிடைக்கின்றன. இருவருக்கும் ஊர் எதுவாக இருந்தது என்பதை அறிய விரும்புகிறவர்கள், நாவல்களுக்கு அடுத்தபடியாக அந்தக் கடிதங்களைத்தான் தேடிப் படிக்க வேண்டும்.